காகிதத்தில் உருண்டை வருமா?

பி.காம். படித்தவனிடம் பாலன்ஸ் ஷீட் கேளுங்கள், போட்டுத் தருவேன். உருண்டை செய்யச் சொன்னால்?

மூன்றாம் வகுப்பு மகள் சொல்லிவிட்டாள். வீட்டுப்பாடமாம்... ‘கன உருவங்கள் செய்து வருக!’

நம் காலத்தில் வாத்தியார் போர்டில் ஒரு பெட்டி வரைந்து, பின்பக்கக் கோடுகளைப் புள்ளி புள்ளியாகப் போடுவார். ‘புள்ளி எதுக்கு சார்?’ என்றால் தலையில் ஒரு குட்டு. 2022-ல் அரசுப் பள்ளிகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ வந்தபின், ஒன்று முதல் மூன்று வரை எல்லாம் செய்து பார்த்துப் படிப்பதுதான். படிப்பது பிள்ளைகள், செய்வது அப்பாக்கள்!

2019-ல் வேலூர் மாவட்டத்திலிருந்து திருப்பத்தூருக்கு மாறினாலும், எங்கள் ஆம்பூரில் ஷூ பெட்டிக்குப் பஞ்சமில்லை. ஒன்றை எடுத்து மூடி வைத்து எண்ணினோம். முகம் 6, முனை 8, விளிம்பு 12.

“முகத்தையும் முனையையும் கூட்டி விளிம்பைக் கழி. 2 வருதா? பிரமிடுக்கும் இதே 2 தான். 1750-ல ஆய்லர் கண்டுபிடிச்சார்” என்று பெரிய மனுஷனாக எடுத்துவிட்டேன்.

கூம்பு? கடலைப் பொட்டலம். உருளை? பழைய காலண்டரைச் சுருட்டியாயிற்று.

“உருண்டைப்பா?”

“லட்டு கொண்டு போயேன்.”

“வழியிலயே தின்னுடுவேன்ப்பா” என்றாள் நேர்மையாக.

காகிதத்தோடு மல்லுக்கட்டினேன். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் சுருக்கம். கடைசியில் கையில் இருந்தது, ஆபீஸ் குப்பைக்கூடையில் தினமும் பார்க்கிற சமாசாரம்.

பக்கத்து வீட்டு பாய் எட்டிப் பார்த்தார். முப்பது வருஷமாக ஷூ கம்பெனியில் வேலை.

“பேப்பர் இழுபடாது சார், அதான் சுருங்குது. தோல்னா வேற. கால் மாதிரி அச்சு இருக்கும், லாஸ்ட்னு சொல்வோம். தைச்ச தோலை அதுமேல போட்டு, சூடு காட்டி இழுத்தா, விரல் பக்கம் உருண்டையா உட்காரும். மிச்சம் அடியில மடிப்பு மடிப்பா வரும். சோல் ஒட்டினா மறைஞ்சிடும்.”

நான் வாயைப் பிளந்தேன். தட்டைத் தாளை நீட்டாமல், கிழிக்காமல், மடிக்காமல் கோளத்தின் மேல் போர்த்தவே முடியாது. 1827-ல் ஜெர்மனியின் காஸ் கண்ட கணக்கு சொல்வதும் இதைத்தான். உலகப் படங்கள் பலவற்றில் கிரீன்லாந்து ஊதிப்போய்க் கிடப்பதும் இதனால்தான்.

பாய் துண்டுத் தோலை ஆரஞ்சுச் சுளை மாதிரி எட்டு இதழாக வெட்டினார். ஓரம் சேர்த்துத் தைத்து, உள்ளே பழந்துணியை அடைத்தார். கோளம் ரெடி!

“இதெல்லாம் எங்க பாய் படிச்சீங்க?”

“படிப்பா? கணக்கு வரலைன்னு அஞ்சாவதுல நிறுத்திட்டாங்க சார்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காஸின் கணக்கைக் கையாலேயே போடுகிற மனுஷனுக்குக் கணக்கு வராதாம்! வராதது அவருக்கா, புள்ளிக்கோடு போட்டே பாடத்தை முடித்தவர்களுக்கா?

மறுநாள் மகளின் நோட்டைப் பார்த்தேன். ‘பெட்டி, கூம்பு, உருளை: அப்பா. கோளம்: பாய் மாமா.’ கோளத்துக்குப் பக்கத்தில் மட்டும் டீச்சர் ‘வெரி குட்’ போட்டிருந்தார்.

அதை பாயிடம் ஓடிப்போய் நீட்டினாள். சிவப்பு மை எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார் பாய்.

“கணக்கு நோட்டுல எனக்கு இதுதான் சார் முதல் ‘குட்’!”