மேளவரிசையில் பிள்ளைகள் நிற்கட்டும்

மாரியம்மனுக்கு நோன்பு சாட்டி, கம்பம் நட்டு, பூவோடு எடுக்கத் தொடங்கிவிட்டால் உடுமலையில் ராத்திரிக்கு ராத்திரி மேளம்தான். ஜமாப் ஆகட்டும், பறை ஆகட்டும், உருமியும் பம்பையும் சேர்ந்த குழு ஆகட்டும், வரிசை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். அறுபது வயதுப் பெரியவர் ஒருவர், அவருக்குப் பக்கத்தில் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்வரும் முப்பது வயதுக்காரர், அவரை ஒட்டி எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும் பையன். அந்தப் பையனைப் பார்த்துத்தான் ஆண்டுதோறும் பேச்சு கிளம்புகிறது. "படிக்கற பசங்கள எதுக்குங்க மேளத்துல நிறுத்தறீங்க? பெரிய ஆளுங்களோட சேர்ந்து கெட்டுப்போறதுக்கா?" என்று ஒரு தரப்பு. "அது அவங்க பரம்பரைத் தொழிலுங்க, அதுல நாம என்ன சொல்றது?" என்று இன்னொரு தரப்பு. முதல் தரப்பு பாதி சரி, பாதி தவறு. இரண்டாவது தரப்பு முழுக்கத் தவறு.

பிள்ளைகள் மேளவரிசையில் நிற்க வேண்டும், பெரியவர்களோடு சேர்ந்தே நிற்க வேண்டும் என்பது நம் நிலை. எந்தத் தெருப் பிள்ளைகள் நிற்கிறார்கள், எத்தனை மணி வரை நிற்கிறார்கள், கிடைத்த காசில் அவர்கள் பங்கு என்ன என்பதெல்லாம் இன்றிருப்பதுபோல் தொடரக் கூடாது என்பதும் அதே நிலையின் மறுபாதி.

கலந்து நிற்பது ஏன் அவசியம் என்பதை எந்தக் குழுவின் அருகிலும் ஐந்து நிமிடம் நின்றால் தெரிந்துகொள்ளலாம். இந்த அடிகளுக்கு எழுதிவைத்த பாடம் கிடையாது. பறையின் சட்டம் இடது தோளுக்கும் கைக்கும் நடுவே எப்படி அமர வேண்டும், மெல்லிய சிண்டுக்குச்சி எங்கே விழ வேண்டும், தடித்த அடிக்குச்சி எங்கே விழ வேண்டும் என்பதைப் பையன் பக்கத்து ஆளின் கையைப் பார்த்துத்தான் பிடித்துக்கொள்கிறான். ஆட்டத்துக்கு முன்பு வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவார்கள். தோல் போதுமான அளவு இறுகியதா என்று பெரியவர் விரலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று தலையசைப்பார். அந்தத் தலையசைப்புக்கு எந்த வகுப்பறையிலும் பாடம் இல்லை. இப்போது பைபர் போட்ட பறைகள் வந்துவிட்டன, காய்ச்ச வேண்டியதில்லை. மழைக்கு வசதிதான், ஆனால் தீயைச் சுற்றி நின்று பழகும் அந்தப் பத்து நிமிடம் அதோடு போய்விட்டது.

இன்னொன்று, வேகம். இளசுகள் மட்டும் சேர்ந்து அடித்தால் அடி ஓடத் தொடங்கிவிடும். கூட்டம் விசிலடிக்க விசிலடிக்க இன்னும் ஓடும். கடைசியில் தாளம் கரைந்து சத்தம் மட்டும் மிஞ்சும். கைவலு குறைந்த பெரியவர் ஒருவர் வரிசையில் நின்று சம அடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் இந்த ஓட்டம் நிற்கும். பெரியவர்கள் மட்டும் என்றாலோ ஊர்வலம் பாதி வழியில் களைத்துவிடும். ஒருவரை ஒருவர் தாங்குவதால்தான் மேளம் தேர்வீதி முழுவதும் தாக்குப்பிடிக்கிறது.

பெதப்பம்பட்டி பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்கு மாட்டுப் பொங்கலன்று போனவர்களுக்கு இது புதிதில்லை. அங்கே உருமி முழங்க, நீண்ட குச்சிகளைப் பிடித்துக்கொண்டு எருதுக்கு முன்னால் ஆடும் சலகெருது ஆட்டத்தில் தாத்தாவும் பேரனும் ஒரே அடவு போடுவார்கள். மார்கழி பிறந்ததும் சுற்றுவட்டார ஊர்களில் பழக்கம் ஆரம்பமாகிவிடும். சிறுவன் கால் தப்பினால் கேலி செய்வதும் அங்கேதான், திருத்துவதும் அங்கேதான். மேட்டுப்பாளையம் பக்கத்து தாசம்பாளையத்தைச் சேர்ந்த பத்திரப்பன், வள்ளி ஒயில்கும்மியை ஊர் ஊராகப் பயிற்றுவித்ததற்காக 2024-ல் பத்மஸ்ரீ பெற்றபோது அவருக்கு 87 வயது. ஆண்கள் மட்டுமே ஆடிய கும்மியில் பெண்களையும் சேர்த்ததற்காகவும்தான் அந்தப் பெருமை. எண்பது வயதைத் தாண்டியவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு அடி சொல்லிக்கொடுப்பது நம் பகுதியில் அதிசயமாகப் பார்க்கப்படவில்லை, அது நல்லதுக்குத்தான்.

குட்டைத்திடலில் மணிமண்டபம் கட்டி நாம் கொண்டாடும் உடுமலை நாராயணகவியும் இப்படி வளர்ந்தவர்தான். 1899-ல் பூளவாடியில் பிறந்த அந்தச் சிறுவனை உருவாக்கியது ஊர்க்கோயில் கலைகளும், பிறகு உடுமலை முத்துசாமிக் கவிராயர் என்ற மூத்த கலைஞரின் நாடகக் குழுவும். 'சிறுவர்களுக்குப் பெரியவர்களோடு என்ன வேலை' என்று அன்று யாராவது தடுத்திருந்தால், திரைப்பாட்டில் அவர் பெயர் இருந்திருக்காது.

இத்தனைக்கும் அரசின் ஏற்பாடுகள் எல்லாம் வயதைப் பிரித்தே வைத்திருக்கின்றன. 5 முதல் 16 வயது வரை ஜவகர் சிறுவர் மன்றம், பெரியவர்களுக்குத் தனியாகப் பகுதிநேரக் கலைப் பயிற்சி, பள்ளிகளில் தனியாகக் கலைத் திருவிழா. எல்லாம் நல்ல முயற்சிகளே. ஆனால் மூன்று தலைமுறையினரும் ஒன்றாக நிற்கும் இடம் ஊர்த் திருவிழா ஒன்றுதான்.

'வயதைப் பிரித்தால் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு' என்பவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு தகவல். அங்கே டிரம்ஸும் பித்தளை வாத்தியங்களும் கொண்ட அணிவகுப்புக் குழுக்கள் பெரிய இயக்கம். 1972-ல் உருவான டிரம் கார்ப்ஸ் இன்டர்நேஷனல் இளைஞர்களுக்கென்றே தொடங்கியது. அதன் இளைஞர் குழுக்களை விட்டு இருபதுகளின் தொடக்கத்திலேயே வெளியேறிவிட வேண்டும். வயது வரம்பில்லாத குழுக்களுக்கு 1965 முதல் தனி அமைப்பு இருந்தது. அப்பாவும் மகளும் ஒரே அணியில் வாசிக்கும் குழுக்கள் அவை. பிள்ளைகளைப் பெரியவர்களோடு விடலாமா என்ற கேள்வி அங்கேயும் உண்டு. நடந்தது என்ன? 1934-ல் தொடங்கிய, புகழின் உச்சியில் இருந்த கேடட்ஸ் என்ற குழுவின் தலைவர், பெண்கள் பலர் கூறிய பாலியல் புகார்களால் 2018-ல் பதவி விலக நேர்ந்தது. பழைய காலத்துப் புகார் தொடர்பான வழக்குச் சுமை தாங்காமல் 2024-ல் அந்தக் குழுவே மூடப்பட்டது. அது இளைஞர்களுக்கு மட்டுமேயான குழு. வயது வேலி காப்பாற்றவில்லை. யார் பொறுப்பு, புகார் யாரிடம், ஊருக்கு ஊர் போகும்போது யார் கூட இருப்பது என்று கேட்க ஆள் இல்லாததுதான் கெடுத்தது. அந்தப் புகார்களுக்குப் பிறகே அங்கே பாதுகாப்பு விதிகள் இறுகின. நம் ஊர்க் குழுக்களில் அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் இன்னும் குறைவு. போக்சோ சட்டம் 2012 முதல் இருக்கிறது, அது திருவிழா மேடைக்கும் வேன் பயணத்துக்கும் சேர்த்துத்தான்.

இனி, கசப்பான இடத்துக்கு வருவோம். எல்லா வயதும் ஒரே வரிசையில் நிற்பது நமக்கு எளிதாக வருகிறது. எல்லாத் தெருவும் ஒரே வரிசையில் நிற்பது வருவதில்லை. கொங்கு மண்ணில் பறையடிப்பதும் சாவுக்கு மேளம் போடுவதும் அருந்ததியர் மேல் ஊர் சுமத்திய வேலையாகவே தலைமுறைகளாக இருந்திருக்கின்றன. ஆகவேதான் தலித் சிந்தனையாளர்கள் பலர், பறையைக் கீழே வை, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு என்றார்கள். பல ஊர்களில் சாவு மேளம் அடிக்க மாட்டோம் என்று மறுத்ததற்காக அடிவாங்கியவர்களும் ஊர்விலக்கு அனுபவித்தவர்களும் உண்டு. கலை அழியலாமா என்று இன்று மேடையில் உருகுபவர்கள் முதலில் இந்த வாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நம் பதில் இது. தன் பிள்ளை பறையைத் தொடக் கூடாது என்று ஒரு அருந்ததியர் வீட்டு அம்மா சொன்னால் அது அவர் உரிமை, அதை மாற்றச் சொல்ல நமக்கு வாயில்லை. விரும்பி வருகிற பிள்ளையைத் தடுக்கவும் நமக்கு வாயில்லை. ஆனால் எந்த ஊரில் அந்தத் தெருப் பிள்ளைகள் மட்டும் பறையோடு வெயிலில் நிற்க, மற்றத் தெருப் பிள்ளைகள் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார்களோ, அங்கே நடப்பதைக் கலைவளர்ப்பு என்று யாரும் பெயர் சூட்ட வேண்டாம். கவுண்டர் வீட்டுப் பெண்ணும், நாயக்கர் வீட்டுப் பையனும், செட்டியார் வீட்டுப் பிள்ளையும் அதே பறையைத் தோளில் மாட்டி, அந்தப் பெரியவரை ஆசான் என்று அழைத்து, அவரிடம் திட்டு வாங்கிக் கற்கும்போதுதான் இந்த வாதத்துக்கு முழுப் பதில் கிடைக்கும்.

முடியாத காரியமில்லை. சகோதரி சந்திரா திண்டுக்கல்லில் வளர்த்தெடுத்த சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையடித்ததை உலகமே பார்த்தது. மதுரை வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்தது பறைக்காகத்தான். இந்த ஊரும் தன் பங்குக்கு ஒன்றை நினைவில் வைத்திருக்கிறது. 2016 மார்ச்சில் உடுமலை பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில், சாதி மறுத்து மணந்ததற்காகச் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். அதற்குப் பிறகு அவர் மனைவி கௌசல்யா கற்றுக்கொண்டது பறை. மறுபக்கம், இதே கொங்கு மண்ணில் ஒரு வள்ளிகும்மி நிகழ்ச்சியில் சொந்தச் சாதியிலேயே திருமணம் செய்வோம் என்று பெண்களை உறுதிமொழி எடுக்கவைத்த காணொளியையும் பார்த்தோம். ஒரே சீருடையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஆடுவது கண்ணுக்கு அழகாக இருக்கலாம். அந்த வரிசையில் யார் இல்லை என்று எண்ணிப் பார்க்கும் பழக்கமும் நமக்கு வேண்டும்.

சரி, யார் இதையெல்லாம் சரிசெய்வது? குழுத்தலைவரை மட்டும் குற்றம் சொல்வது சுலபம். அவர் அட்வான்ஸ் வாங்கி, வேன் வாடகை கொடுத்து, மிச்சத்தைப் பிரிக்கும் ஆள். பல குழுக்களில் பையன்களுக்கு மிஞ்சுவது ஒரு பிரியாணிப் பொட்டலமும் பஸ் காசும்தான். உண்மையான பிடி இருப்பது பணம் கொடுத்து அழைக்கிறவரிடம், அதாவது விழாக் கமிட்டியிடம். பாலக்காட்டுச் செண்டைக்கும் டி.ஜே. பெட்டிகளுக்கும் பேரம் பேசாமல் அள்ளிக் கொடுக்கும் கமிட்டிகள், உள்ளூர் மேளத்திடம் மட்டும் ஐந்நூறு ரூபாய் குறைக்கப் பார்ப்பதை நிறுத்தட்டும். காசு குறையும்போது முதலில் வெட்டுப்படுவது சிறுவனின் பங்கு.

சட்டமும் ஒன்றும் ஊமையாக இல்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ல் திருத்தப்பட்டபோது 14 வயதுக்குட்பட்டோர் கலைஞர்களாகப் பங்கேற்க விதிவிலக்கு தரப்பட்டது. 2017-ல் வந்த விதிகள் அதற்கு எல்லையும் கட்டின. ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வணிக நிகழ்ச்சியானால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும், வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பெயரில் வங்கியில் வைப்பாகப் போட வேண்டும். சினிமாவை மனதில் வைத்து எழுதப்பட்ட விதிகள்தான். கோயில் திருவிழா வணிக நிகழ்ச்சியா என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். இந்தப் பாதுகாப்பு நடிக்கிற பிள்ளைக்கு உண்டு, மேளம் அடிக்கிற பிள்ளைக்கு இல்லை என்பது மட்டும் நியாயமாகாது.

ராத்திரி பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் வாத்தியம் வேண்டாம் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. திருவிழாக் காலத்தில் ஆண்டுக்கு 15 நாள் மட்டும் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரமுண்டு. தளர்வு பெரியவர்களுக்கு இருக்கட்டும், பத்து மணிக்குப் பையனை வீட்டில் கொண்டுபோய் விடட்டும். காது விஷயம் இன்னும் அவசரம். 100 டெசிபல் சத்தத்தில் வளர்ந்த தொழிலாளிக்கே ஒரு நாளைக்குக் கால் மணி நேரம்தான் பாதுகாப்பு என்பது தொழில்நல வல்லுநர்களின் கணக்கு. மேளத்தின் நடுவே மணிக்கணக்கில் நிற்கும் பன்னிரண்டு வயதுக் காதை யோசித்துப் பாருங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் காது அடைப்பான் ஒரு தேங்காய் விலைகூட இல்லை. மது அருந்தியவர் அன்று வரிசையில் நிற்கக் கூடாது என்ற விதியும் கமிட்டி போட வேண்டியதே. குழுவில் சிறுமிகள் இருந்தால் பொறுப்புள்ள பெண் ஒருவர் கூடவே போக வேண்டும்.

பரீட்சையையும் விட்டுவிட முடியாது. நம் தேர்த்திருவிழா மார்ச், ஏப்ரலில்தான் வருகிறது, பிளஸ் டூ, பத்தாவது பரீட்சைகளும் அப்போதுதான். அந்த இரண்டு வகுப்புப் பிள்ளைகள் அந்த வருஷம் மட்டும் ஒதுங்கி நிற்கட்டும், மேளம் அடுத்த வருஷமும் இருக்கும். மற்ற வகுப்புகளுக்கு விடுமுறைக் கணக்கைப் பள்ளித் தலைமையாசிரியரும் குழுத்தலைவரும் உட்கார்ந்து பேசினால் அரைமணி நேரத்தில் முடியும். உடுமலையில் எந்தத் தலைமையாசிரியருக்கும் எந்த மேளக்காரரும் அந்நியர் இல்லை.

அடுத்த நோன்புக்குக் குழுக்களை ஒப்பந்தம் செய்ய கமிட்டிகள் கூடும்போது ரசீதின் பின்பக்கம் ஒரு பக்கம் எழுதினால் போதும்: 18 வயதுக்குட்பட்டவர்களின் பட்டியலும் பெற்றோர் கையெழுத்தும், தலைக்கு எவ்வளவு என்ற தொகை, பத்து மணி, பொறுப்பாளரின் கைபேசி எண். கோயிலை நிர்வகிக்கும் அறநிலையத் துறையும் நகராட்சியும் இந்தப் பக்கம் இல்லாத குழுவுக்கு ஊர்வலத்தில் இடமில்லை என்று இந்த ஆண்டே அறிவிக்க வேண்டும்.