வீட்டுக்கு ஜெனரேட்டர் எதற்கு?

2011 டிசம்பர் 30-ந் தேதி "தானே" புயல் அடித்தது. புதுச்சேரியில் பல நாள் மின்சாரம் இல்லை. 2024-ல் "பெஞ்சல்" வந்தது. மறுபடியும் இருட்டு!

"ஜெனரேட்டர் வாங்குவோம்" என்கிறார்கள். 2 மின்விசிறி, 4 விளக்குக்கு 200 வாட் போதுமே! அதற்கு இன்வெர்ட்டரே மேல். சத்தம் இல்லை, புகை இல்லை.

ஆனால் பாட்டரி நாள் கணக்கில் தாங்காது. தண்ணீருக்கு என்ன செய்வது? மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அதற்கு ஜெனரேட்டர்தான். நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்கலாமே!

அதை வீட்டுக்குள் ஓட்டாதீர்கள். திண்ணையும் ஆகாது. புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உண்டு. நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

மாற்று சுவிட்சும் வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் வீட்டு மின்சாரம் தெருக் கம்பியில் ஏறும். அங்கே கம்பத்தின் மேல், உங்களுக்காகவே ஒருவர் வேலை செய்துகொண்டிருப்பார்!