சுவரில் ஒட்டிய விறகு

ஒலிப்பதிவுக் கூடம், டப்பிங் அறை, பாட்டு வகுப்பு, மதுக்கூடத்து மேடை என்று பல இடங்களில் சாம்பல் நிற ஃபோம் ஷீட்டுகளைப் பார்க்கலாம். முட்டை அட்டை போல மேடும் பள்ளமுமாக இருக்கும். விற்பவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘சவுண்ட் ப்ரூஃப் ஃபோம்’. அந்தப் பெயரே தவறு என்பதைப் பிறகு பார்ப்போம். அதைவிடப் பெரிய தவறு, அது எப்படி எரியும் என்று வாங்குபவரும் கேட்பதில்லை, உரிமம் கொடுப்பவரும் கேட்பதில்லை என்பது. மக்கள் கூடும் இடத்தில் சுவரிலோ கூரையிலோ ஃபோம் ஒட்டுவதானால், ஓர் அறை அளவில் எரித்துப் பார்த்த சோதனையின் அறிக்கை இருக்க வேண்டும். இல்லையென்றால் உரிமம் கூடாது என்பதே என் கட்சி.

பாலியூரித்தேன் ஃபோம் உருவாகும் விதம் ஆப்ப மாவு பொங்குவதற்குத் தூரத்து உறவு. பாலியால், ஐசோசயனேட் என்ற இரண்டு திரவங்களைச் சிறிது தண்ணீரோடு கலந்தால் கரியமில வாயு பிறக்கிறது. கலவை சில நிமிடங்களில் பொங்கி எழுகிறது. குமிழிகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய தோல் அப்போது கிழிந்துவிட்டால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காற்று போக வழி கிடைக்கும். ஒரு துண்டை வாயில் வைத்து ஊதினால் மறுபக்கம் காற்று வரும். இது திறந்த அறை ஃபோம். தோல் கிழியாமல் நிற்பது மூடிய அறை; தெர்மோகோல் அந்த வகை. ஒலியை நன்றாக உறிஞ்சுவது திறந்த வகைதான். துளைகளுக்குள் புகுந்த காற்றின் அதிர்வு, வளைந்து வளைந்து போகும் வழிகளில் உரசித் தேய்ந்து வெப்பமாகிவிடுகிறது. ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை பெரும்பாலும் 20 முதல் 30 கிலோ. மற்றபடி 100ல் 97 பங்குக்கு மேல் காற்றுதான். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எரியக்கூடிய பொருள் இழை இழையாகப் பிரிந்து நிற்கிறது, ஒவ்வோர் இழையைச் சுற்றியும் காற்று. மேற்பரப்பில் படும் வெப்பம் உள்ளே இறங்காததால் அந்த இடம் நொடியில் சூடேறுகிறது. கட்டையைவிடச் சுள்ளி ஏன் சீக்கிரம் பற்றுகிறது என்று விறகடுப்பு எரித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், ‘தி ஸ்டேஷன்’ என்ற இரவு விடுதியில் மேடை வாணவேடிக்கையின் பொறி சுவரிலிருந்த ஃபோமில் பட்டது. 100 பேர் இறந்தார்கள். அந்நாட்டின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், மேடைப் பகுதியை அதே மாதிரி கட்டி எரித்துப் பார்த்தது. தண்ணீர் தெளிப்பான் இல்லாத அறையில் ஏறக்குறைய 90 விநாடிகளில் மனிதர் உயிரோடு இருக்க முடியாத நிலை வந்தது. 2013 ஜனவரி 27 அன்று பிரேசிலின் சாண்டா மரியா நகரில், ‘கிஸ்’ விடுதியில் 242 பேர் இறந்தார்கள். அங்கும் மேடை வாணம், அங்கும் ஃபோம். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பல்ல, புகை. நைட்ரஜன் கலந்த இந்த ஃபோம் எரியும்போது கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வெளியாகிறது.

இரண்டு விடுதிகளிலும் ஃபோம் சுவரேறியது அக்கம்பக்கத்தார் சத்தம் தாங்காமல் புகார் சொன்னதால். அந்த வேலைக்கு அது உதவாது! அறைக்குள் எதிரொலியைக் குறைப்பது வேறு, ஒலி வெளியே போகாமல் தடுப்பது வேறு. தடுப்பதற்கு எடை வேண்டும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு 400 கிலோ அளவில் இருக்கும். ஓர் அங்குல ஃபோம் ஒரு கிலோவைக்கூடத் தொடாது. டிரம்ஸின் தாழ்ந்த ஒலி, எடுத்துக்காட்டாக 100 ஹெர்ட்ஸ், 3.4 மீட்டர் அலைநீளம் கொண்டது. ஓர் அங்குலத்துக்கு அது மசியாது. ஆக, செய்ய முடியாத வேலைக்காக வாங்கி, எரிபொருளைச் சுவரில் ஒட்டினார்கள்.

வாணம் விட்டவர்கள்தானே குற்றவாளிகள், ஃபோமை ஏன் பழிக்க வேண்டும் என்று கேட்கலாம். வாணம் விட்டது குற்றம்தான். ஆனால் அதே பொறி செங்கல் சுவரில் பட்டிருந்தால் ஒரு கரும்புள்ளியோடு போயிருக்கும். மின்கசிவு, சிகரெட், வெல்டிங் என்று பொறி பல வழிகளில் வரும்; அத்தனையையும் அடைக்க முடியாது. சுவரில் என்ன இருக்கலாம் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியின் கீற்றுக்கூரைத் தீயில் 94 குழந்தைகள் இறந்த பிறகு தமிழ்நாடு இதை ஒரு முறை கற்றது. தீ தொடங்கிய சமையலறையோடு பேச்சு நிற்கவில்லை. பள்ளிகளிலிருந்து கீற்றுக்கூரையே அகற்றப்பட்டது. கீற்றைக் கண்டால் வருகிற பயம், சாம்பல் நிற ஷீட்டைக் கண்டால் நமக்கு வருவதில்லை.

அடுத்த மறுப்பு கொஞ்சம் வலுவானது. தீத்தடுப்பு ரசாயனம் சேர்த்த ஃபோம் கிடைக்கிறதே, சோதனைச் சான்றும் தருகிறார்களே? எந்தச் சோதனை என்பதுதான் கேள்வி. கையகலத் துண்டைப் படுக்கவைத்துச் சிறு சுடரைக் காட்டும் சோதனையில் தேறிய ஃபோம், ஒரு சுவர் முழுக்க நெட்டுக்குத்தாக நின்று, பக்கத்தில் நாற்காலி எரியும்போது அப்படியே நடந்துகொள்ளும் என்று நம்ப இடமில்லை. அமெரிக்க வணிக ஆணையம் 1970களிலேயே பிளாஸ்டிக் ஃபோம் தயாரிப்பாளர்கள்மீது இதற்காக நடவடிக்கை எடுத்தது. சிறு சோதனைகளை வைத்துக்கொண்டு ‘தானே அணையும்’ என்று விளம்பரம் செய்தது ஏமாற்று என்றது. அரை நூற்றாண்டு கழிந்தும் அதே சொல் இணையக் கடைகளில் உலவுகிறது. ரசாயனம் பற்றுவதைத் தாமதப்படுத்தும், அது உண்மை. பெருந்தீயில் அந்த ஃபோமும் எரியும்.

செலவு என்பார்கள். சிறு ஸ்டூடியோக்காரரால் ஆய்வகத்துக்குப் பணம் கட்ட முடியாது, கட்டவும் வேண்டாம். சோதிக்க வேண்டியவர் தயாரிப்பாளர், ஒவ்வொரு ரகத்துக்கும் ஒருமுறை. சோதனையின் பெயர், ஷீட்டின் கனம், ஒட்டப் பயன்படுத்திய பசை ஆகியவற்றை உறையில் அச்சிட்டால் போதும். அது முடியாதென்றால் ராக்வூல் இருக்கிறது. பாறையை உருக்கி நூற்ற இழைப் பலகை. அதிலும் துளைகள்தான், ஒலியும் அதே உரசலில்தான் அடங்குகிறது. ஆனால் இழை கல், எரியாது. எடை கூடுதல், நிறுத்தச் சட்டம் வேண்டும், இழை உதிராமல் மேலே கண்ணாடி இழைத் துணி போர்த்த வேண்டும். ஒரு தச்சருக்கு இரண்டு நாள் வேலை.