இருமல் மருந்தில் கலந்த நச்சைப் பிரித்தெடுக்க முடியாதா? இரண்டு 'கிளைகால்'களின் கதை

மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்தனர். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்து, தமிழ்நாட்டில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதித்தபோது, 48.6 சதவீதம் டை எத்திலீன் கிளைகால் என்ற நச்சு வேதிப்பொருள் இருந்தது தெரியவந்தது. அனுமதிக்கப்பட்ட அளவோ வெறும் 0.1 சதவீதம்தான்.

கலந்துவிட்ட நச்சைத் தனியாகப் பிரித்து எடுக்கவே முடியாதா என்ற கேள்வி இங்கே எழுகிறது. முடியும். ஆனால், சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

சிரப்பில் கிளைகால் எதற்கு?

பாராசிட்டமால் போன்ற மருந்துகள் சாதாரண தண்ணீரில் சரியாகக் கரையாது. குழந்தைகளுக்குச் சொட்டாகவோ ஸ்பூனிலோ கொடுக்க, அதைக் கரைத்து வைக்கும் ஒரு திரவம் தேவை. அதற்காகத்தான் புரோப்பிலீன் கிளைகாலும் கிளிசரினும் சேர்க்கப்படுகின்றன. மருந்துத் தரத்தில் இருந்தால் இவை பாதுகாப்பானவை.

டை எத்திலீன் கிளைகால் அப்படி இல்லை. பிரேக் ஆயில், ரெசின் போன்ற தொழிற்சாலைப் பொருட்களுக்கானது அது. பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நிறம் கிடையாது, கெட்டியான திரவம், லேசான இனிப்பு. மோந்து பார்த்தாலும் தெரியாது. ஆனால், உடலுக்குள் போனதும் கல்லீரல் இதை அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் சிறுநீரகத்தைத் தாக்குகிறது.

48.6 சதவீதம் என்றால் எவ்வளவு? 5 மில்லி மருந்தில் சுமார் 2.4 கிராம். அனுமதிக்கப்பட்ட அளவில் இருந்திருந்தால், அதே 5 மில்லியில் 5 மில்லிகிராம்தான் இருந்திருக்கும்.

ஆய்வகத்தில் பிரிப்பது எப்படி?

வடிகட்டினால் வராது. இரண்டுமே திரவம், ஒன்றோடொன்று முழுசாகக் கலந்துவிடும். தண்ணீர் சேர்த்துப் பிரிக்கலாமா என்றால், இரண்டுமே தண்ணீரில் எந்த அளவிலும் கரையும். பாராசிட்டமாலைப் போல வெந்நீரில் கரைத்து, குளிரவைத்துப் படிகமாக எடுக்கும் வழியும் இதற்குச் சரிப்படாது. புரோப்பிலீன் கிளைகால் குளிரக் குளிரக் கெட்டியாகுமே தவிர, எளிதில் படிகமாகாது.

மிச்சம் இருப்பது கொதிநிலை வித்தியாசம். புரோப்பிலீன் கிளைகால் சுமார் 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். டை எத்திலீன் கிளைகாலுக்கு சுமார் 245 டிகிரி வேண்டும். அதனால் சூடாக்கினால் முன்னது முதலில் ஆவியாகும். அந்த ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கலாம். காற்றழுத்தத்தைக் குறைத்தால் இன்னும் குறைந்த வெப்பத்திலேயே இது நடக்கும்.

57 டிகிரி வித்தியாசம் இருக்கே, ஒரே தடவையில் சுத்தமாகிவிடாதா? ஆகாது. ஆவியோடு ஆவியாக நச்சும் கொஞ்சம் ஏறி வரும். அதனால்தான் உயரமான கோபுரங்களில் ஆவியாகி, குளிர்ந்து, மறுபடியும் ஆவியாகி எனப் பல படிகளைத் தாண்ட வைக்கிறார்கள். கடைசியில் கிடைப்பதையும் பரிசோதித்த பிறகே சுத்தம் என்று சொல்ல முடியும்.

அப்படின்னா ஏன் பிரிக்கல?

ஏனென்றால், அது சிரப் தயாரிக்கும் கம்பெனியின் வேலையே இல்லை. சுத்திகரிப்பு என்பது வேதிப்பொருளை உற்பத்தி செய்யும் ஆலையில் நடப்பது. சிரப் கம்பெனி செய்ய வேண்டியது இரண்டுதான்: மருந்துத் தரத்தில் வாங்குவது, வாங்கியதைப் பரிசோதிப்பது.

இன்னொரு முக்கியமான விஷயமும் இருக்கிறது. பாதி அளவு நச்சு என்பது, சுத்திகரிப்பில் தப்பி ஒட்டிக்கொண்டு வந்த துளி அல்ல. அங்கே போயிருக்க வேண்டிய திரவத்தின் இடத்தையே வேறொன்று பிடித்துக்கொண்டது என்றுதான் இந்த அளவு காட்டுகிறது.

கண்டுபிடிக்க என்ன வழி?

துல்லியமான வழி, வாயு நிறப்பிரிகை. மாதிரியை ஆவியாக்கி, நீண்ட மெல்லிய குழாய் வழியாக அனுப்புவார்கள். ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு நேரத்தில் வெளியே வரும். எது, எவ்வளவு என்பது வரைபடத்தில் தெரிந்துவிடும். இந்தக் கருவி இல்லாத இடத்தில், சிலிக்கா பூசிய சிறிய தகட்டில் சொட்டு வைத்துச் செய்யும் முதற்கட்டச் சோதனையும் உண்டு.

பல கை மாறி வரும் டிரம்களில் லேபிள் ஒன்று, உள்ளே வேறொன்று என்று இருக்க வாய்ப்புண்டு. ஆகவே ஒரு டிரம்மைச் சோதித்துவிட்டு மற்றவற்றை அப்படியே விடுவது ஆபத்து.

புதுசா நடந்ததா?

இல்லை. 1937-ல் அமெரிக்காவில் இதே நச்சில் கரைக்கப்பட்ட சல்ஃபா மருந்தால் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1938-ல் அங்கே கடுமையான மருந்துச் சட்டம் வர அதுவே காரணம். 1972-ல் சென்னையில் குழந்தைகள் இறந்தனர். 1986-ல் மும்பையில் கிளிசரினில் கலந்த இதே பொருள் நோயாளிகளின் உயிரைப் பறித்தது.

காம்பியாவில் குழந்தைகள் இறந்த விவகாரத்துக்குப் பிறகு, ஏற்றுமதியாகும் இருமல் மருந்துகளை அரசு அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதிப்பதை இந்தியா 2023 ஜூன் 1 முதல் கட்டாயமாக்கியது. உள்நாட்டில் விற்கும் மருந்துக்கு அந்தக் கூடுதல் நிபந்தனை அப்போது வைக்கப்படவில்லை. வெளிநாட்டுக்குப் போகும் பாட்டிலுக்கு இருந்த காவல், உள்ளூர்க் குழந்தையின் பாட்டிலுக்கு இல்லாமல் போனது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

2 வயதுக்குக் குறைவான குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து கொடுக்கக் கூடாது, 5 வயதுக்குட்பட்டோருக்குப் பொதுவாகவே பரிந்துரைக்கப்படுவதில்லை என்கிறது மத்திய சுகாதாரத் துறையின் அறிவுரை. மருந்து கொடுத்த பிறகு வாந்தி இருந்தாலோ, குழந்தை சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருந்து பாட்டிலையும் கையோடு கொண்டுபோவது நல்லது. அதில் உள்ள பேட்ச் எண், இன்னொரு குழந்தையைக் காப்பாற்றக்கூடும்.