பேரிளம்பெண்ணுக்கு அப்பால்

தமிழிலக்கியம் பயிலப் புகுந்தார் அனைவரும் உலா என்னும் பிரபந்தத்தை அறிவர். தலைவன் வீதியிற் பவனி வர, அவனைக் கண்ணுறும் மகளிரை ஏழு பருவத்தினராக வகுத்துப் பாடுதல் அதன் மரபு. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்பன அப்பருவங்கள். இவற்றிற்கு ஆண்டெல்லை வகுக்கும் பாட்டியல் மரபு, 5ஆம் வயதிற் பேதையைத் தொடங்கி, 40ஆம் வயதிற் பேரிளம்பெண்ணை முடித்துவிடுகிறது. ‘அங்ஙனமாயின் 41 வயதினளுக்குப் பெயர் யாது?’ என்று எம் வகுப்புத் தோழர் ஒருவர் வினவினார். வகுப்பு நகைத்தது, யாமும் நகைத்தோம். மணியடித்துவிட்டமையால் வினா அவ்வளவில் நின்றது.

ஆயினும் அஃது எம்மை விட்டு நீங்கவில்லை. காரணம் எம் இல்லத்திலேயே இருந்தது.

எமது ஊர் தேசூர், வந்தவாசிப் பக்கத்தது. ஆரணிப் பட்டு என்று உலகம் அறியும் சேலைகளுட் சில எங்கள் ஊர்த் தறிகளிலும் பிறக்கின்றன. எம் தந்தையார் தறிக்குழியில் அமர்ந்து நெய்வார். அன்னையார் பக்கத்தில் ராட்டை வைத்து ஊடைக்குத் தார் சுற்றுவார். இருபத்து நான்கு ஆண்டுகளாக அவர் சுற்றிய தாரை யாரும் அளந்ததில்லை. கூலி சேலைக்கே அன்றித் தாருக்கு இல்லையாதலின், அளப்பதற்குத் தேவையும் எழவில்லை. இவ்வன்னையார்க்குச் சென்ற ஆண்டு 44 வயது நிரம்பிற்று. எம் தமக்கையார்க்கு மணம் முடிந்த சில திங்களுக்குப்பின், ஒருநாள் இராவுணவின்போது, ஒன்பதாம் வகுப்போடு விடுத்த தம் படிப்பைத் தொடர்ந்து, தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத விரும்புவதாக அவர் கூறினார். பின்னர்த் தாமே பட்டு வாங்கி நெய்வித்துத் தாமே சேலை விற்கவேண்டும் என்பதும் அவர் கருத்து. தந்தையார் ஒன்றும் மொழிந்திலர். உறவினர் ஒருவர், ‘பேரனுக்குத் தொட்டில் ஆட்டும் வயதில் பெஞ்சில் உட்காரப் போகிறாயோ?’ என்றார். யாமோ, கல்லூரியிற் பயிலும் அறிவுடை மைந்தர், ‘தார் யார் சுற்றுவது?’ என்று கேட்டோம். அக்கேள்வியை இன்று எழுதுங்கால் கை கூசுகிறது.

நம் வட ஆர்க்காட்டுத் திருச்சபைகளில் வேலூர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதையைக் கேளாது வளர்ந்த பிள்ளை இராது. ஆர்க்காட்டு அமெரிக்க மிஷன் எங்கள் பக்கத்து ஆரணியிலும் ஊன்றிய மிஷன். அவ்வம்மையார் 1870இல் இராணிப்பேட்டையிற் பிறந்தவர். திண்டிவனத்தில் ஓரிரவு மூவர் அடுத்தடுத்து வந்து, பேறுகாலத்திற் துன்புறும் தம் மனைவியர்க்கு உதவ அழைத்தமையும், ஆடவ மருத்துவரை அவர்கள் ஏலாமையும், விடியுமுன் மூன்று இளம்பெண்களும் இறந்தமையும், அது கண்ட இளநங்கை மருத்துவம் பயில உறுதி பூண்டமையும் ஞாயிற்றுப் பள்ளியிற் பன்முறை சொல்லப்படுகின்றன. நற்கதையே, யாமும் அதனைக் கேட்டுக் கண்ணீர் சொரிந்ததுண்டு. ஆனால் கதை அவ்விரவோடும், 1900இல் அவர் மருத்துவராக மீண்டு வந்ததோடும் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. உலாவின் ஏழு பருவம் போல இதற்கும் ஓர் எல்லை!

1918ஆம் ஆண்டை யாம் நினைக்க விரும்புகிறோம். அப்போது அம்மையார்க்கு வயது 47. 1902இல் எழுந்த ஷெல் நினைவு மருத்துவமனை நன்கு நடைபெற்றது; 1909இல் தொடங்கிய செவிலியர் பயிற்சியும் வேரூன்றிவிட்டது. இனி ஓய்ந்து, நட்ட மரத்தின் நிழலில் இருந்திருக்கலாம். இருந்தாரல்லர். தாம் ஒருவர் எத்துணை ஊர்களுக்கு ஓடினும் போதாது, இந்நாட்டுப் பெண்களே மருத்துவராதல் வேண்டும் என்று துணிந்து, அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். ஆறு மாணவியரேனும் கிடைப்பரோ என்று ஐயுற்ற அதிகாரியும் இருந்தார். வந்த விண்ணப்பங்களோ இடத்தினும் பன்மடங்கு. பின்னர் அரசாங்கம் எல்.எம்.பி. பட்டயப் படிப்பை ஒழித்து, எம்.பி.பி.எஸ். பட்டமே வேண்டும் என்று விதித்தபோது, பள்ளி மூடப்படும் நிலை வந்தது. 70 வயதில், 1941இல், போர்க்காலத்தில், அம்மையார் பொருள் திரட்ட அமெரிக்கா புறப்பட்டார். இன்று நாம் கைகாட்டும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, இளநங்கையின் ஓரிரவுக் கனவினால் மட்டும் எழுந்ததன்று. 47 வயதினளின் கனவும் 70 வயதினளின் பிடிவாதமும் சேர்ந்து எழுப்பியது. சபையில் இப்பகுதியைச் சொல்லாது விடுவது ஏன்? இளமையின் அழைப்பு கேட்போர்க்கு இனிக்கிறது. நடுவயதின் துணிவோ, கேட்டிருக்கும் தாய்மார்க்கு ஏதேனும் எண்ணம் தோற்றுவித்துவிடும் என்று அஞ்சுகிறோம் போலும்.

‘ஐடா அம்மையார் அமெரிக்கர், மணம் புரியாதவர், பொருளுதவியுடையார். தறிக்குடும்பத்துத் தாயை அவரோடு ஒப்பிடல் பொருந்துமோ?’ எனச் சிலர் தடுப்பர். இது புறக்கணிக்கத் தக்க தடையன்று. நம் நாட்டாரையே நோக்குவோம். பண்டித ரமாபாய் அம்மையார் கைம்பெண். ஒரு மகளை வளர்த்தவர். பஞ்சத்தில் வாடிய பெண்களைத் திரட்டிக் கேட்காவில் அவர் புரந்தமை யாவரும் அறிந்தது. அத்துணைப் பணியின் நடுவே, 45 வயதைக் கடந்தபின், எபிரேயமும் கிரேக்கமும் கற்றுத் திருமறையை எளிய மராத்தியில் பெயர்க்கத் தொடங்கினார். 1922இல் உயிர் நீங்குங்காறும் அப்பணி அவர் கையினின்று நீங்கவில்லை. கர்னீலியா சொராப்ஜி அம்மையார் 1892இல் ஆக்ஸ்போர்டில் சட்டத் தேர்வு எழுதினார். பெண் என்னும் ஒரே காரணத்தால் பட்டம் 1922 வரை கிடைக்கவில்லை. இவர்களும் பேரறிவாளரே எனின், இன்னும் கீழே இறங்கி வருவோம்.

பைபிள் ஸ்திரீகள் என்று நம் பாட்டிமார் வழங்கிய பணிப்பெண்களை இக்காலத்தார் மறந்தேவிட்டனர். தமிழ்நாட்டு மிஷன்களில் அவர்கள் பலர். கணவனை இழந்தோரும், பிள்ளைகளை வளர்த்து முடித்தோரும் அவருள் மிகுதி. பெரிய படிப்பு அவர்க்கில்லை. வாசிக்கப் பழக்கி, சிறிது பயிற்சியும் சொற்ப மாதச் சம்பளமும் தந்து, வீட்டினின்று வெளிவராத பெண்களிடம் அவர்களை அனுப்பினர். கையிற் புத்தகத்தோடும் குடையோடும் தெருத்தெருவாக நடந்து, சமையற்கட்டிலும் திண்ணையிலும் அமர்ந்து, எத்தனையோ பெண்களுக்கு அ, ஆ எழுதக் காட்டியவர் அவரே. சம்பளக் குறைவும் துரைசானிமாரின் அதட்டலும் அவர் வாழ்வில் இருந்தன. அவற்றை மறைத்துப் புகழ எமக்கு விருப்பமில்லை. ஆயினும், நாற்பதைக் கடந்த ஒரு பெண் புதிதாக ஒன்றைக் கற்று, புதிய வேலைக்குப் புறப்படலாம் என்பதைப் பழைய சபை கண்டிருந்தது. நூறாண்டு கழிந்தபின், தொலைக்கல்வியும் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் கைக்கெட்டும் இந்நாளில், நாம் அதைக் காணாது தொட்டிலைக் காட்டுகிறோம்.

‘இந்த வயதில் படித்து என்ன பயன்?’ என்று அன்னையாரைப் பலர் கேட்டனர். பதினைந்து வயதிற் பத்தாம் வகுப்பு எழுதிய எம்மை எவரும் அவ்வாறு கேட்டிலர். (பயன் யாது என்று கேட்டிருப்பின், தமிழிலக்கியம் பயில வந்த எமக்கு விடை கூறல் அரிதாகவே இருந்திருக்கும்.) உண்மையில் இடர் வயதன்று. நெய்யும் வீட்டில் ஒரு பெண் புத்தகம் எடுத்தால் ராட்டை நிற்கும், ராட்டை நின்றால் நாடா நிற்கும், சேலை பிந்தும், கூலி பிந்தும். அவளது கனவை எதிர்ப்பவர் கொடியவருமல்லர். அவளது கை இலவசமாகக் கிடைத்து வந்ததால், அது வேறொன்றைப் பற்றக்கூடும் என்று எண்ணியிராதவர். பட்டணத்துச் சபைகளில் ‘பெண்கள் முன்னேற்றம்’ குறித்துச் சொற்பொழிவுகள் நிகழ்கின்றன, கேட்கத் தெவிட்டாதவை. தேசூருக்கு வேண்டுவது மாலை இரண்டு மணி நேரம் தார் சுற்ற இன்னொரு கை.

ஆகவே எமது கோரிக்கை சிறியது. ஆலயத்துப் பக்கத்து அறை வாரத்தில் ஆறு நாள் பூட்டியே கிடக்கிறது. அங்கே விளக்கும் விசிறியும் உண்டு. நாற்பது கடந்த பெண்கள் படிக்க அதனை மாலையில் திறந்து வைக்கட்டும். நம் கல்லூரிச் சேவைச் சங்கத்தார் விடுமுறையில் ஊர்களுக்குச் சென்று சுவர்களுக்கு வெள்ளையடிப்பதை விடுத்து, கணிதமும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுக்கட்டும். தனித்தேர்வர் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பள்ளிக்கு நேரிற் சென்று, பிள்ளைகளின் நடுவே நிற்கவேண்டும். முதல் நாள் உடன் செல்ல மாதர் சங்கத்தார் ஒருவர் முன்வரட்டும். லீதியாள் இரத்தாம்பரம் விற்றவள் என்று திருமறை கூறுகிறது. அவளது வயதைக் கூறவில்லை. கேட்கத் தோன்றவில்லை போலும்.

சென்ற விடுமுறையில் யாம் ராட்டையின்முன் அமர்ந்தோம். முதல் மாலையிலேயே இழை பலமுறை அறுந்தது. சுற்றிய தாரும் தறியிற் சிக்கிற்று. தந்தையார் எழுந்து வந்து, ஒன்றும் மொழியாது சிக்கெடுத்து, மீண்டும் குழியில் இறங்கினார். அன்னையார் கூடத்தில் அமர்ந்து இருபடிச் சமன்பாடு ஒன்றோடு போராடிக்கொண்டிருந்தார். எம்மிடம் கேட்டார். யாம் அதனை அறவே மறந்திருந்தோம். ‘பரவாயில்லை, எதிர்வீட்டுப் பெண் ஒன்பதாவது போகிறாள், அவளைக் கேட்டு வருகிறேன்’ என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.