களஞ்சியத்தில் இடம் யாருக்கு?

2001-ஆம் ஆண்டு தொடங்கிய விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியம் இன்று செல்போன் வைத்திருக்கும் எவர் கைக்கும் எட்டுகிறது. யாரும் படிக்கலாம், யாரும் எழுதலாம். உலகெங்கும் ஆயிரமாயிரம் பேர் கூலி வாங்காமல் எழுதி வளர்த்த பொதுச் சொத்து அது. தமிழிலும் 2003 முதல் நடந்து வருகிறது. இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் அங்கே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. எவரைப் பற்றி, எதைப் பற்றிக் கட்டுரை இருக்கலாம்? பொதுவான விதி இதுதான்: சம்பந்தப்பட்டவருக்கு வேண்டியவர்கள் அல்லாத, நம்பத்தக்க பத்திரிகைகளோ நூல்களோ அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும்.

இந்த விதி நடைமுறையில் என்ன செய்தது? கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தவர் டோனா ஸ்ட்ரிக்லண்ட் என்ற பெண் விஞ்ஞானி. 1985-இல் தம் ஆசிரியர் ஜெரார் மூரூவுடன் சேர்ந்து, லேசர் ஒளியின் வலிமையைப் பன்மடங்கு கூட்டும் வழியைக் கண்டவர். 2018 மே மாதம் அவரைப் பற்றி எழுதித் தரப்பட்ட கட்டுரை, காட்டிய ஆதாரம் போதாதென்று தள்ளப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி இருவருக்கும் நோபல் பரிசு! அன்று காலை வரை அந்த அம்மையாருக்குக் கட்டுரை கிடையாது. மூரூவுக்கோ பல வருஷங்களுக்கு முன்பே இருந்தது. கண்டுபிடிப்பு ஒன்று, இடம் மட்டும் ஒருவருக்கு! இது என்ன நியாயம்?

அப்படியானால் விதியே வேண்டாம் என்கிறார்கள் சிலர். நாம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. விதியைத் தூக்கி எறிந்தால் முதலில் நுழைவது யார்? காசு கொடுத்துத் தன் புகழை எழுதுவித்துக்கொள்ளும் கம்பெனிக்காரன்தான். பதரைத் தூற்றாமல் களஞ்சியத்தில் கொட்டுவாருண்டா? ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தூற்றினால் நெல்லும் பதரோடு போய்விடும்.

கோளாறு எங்கே இருக்கிறது? பத்திரிகைகள் யாரைத் தேடிப் போகின்றன என்பதில் இருக்கிறது. மில் அதிபரின் வீட்டுக் கல்யாணம் படத்தோடு வரும். நாற்பது வருஷம் தறி ஓட்டியவன் செத்தால் ஒரு வரி வராது. அச்சில் ஏறாதவன் களஞ்சியத்திலும் ஏறுவதில்லை. சமுதாயத்தின் ஓரவஞ்சனை அங்கே விதி என்ற பெயரில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆகவே, கட்டுரையைத் தள்ளுமுன் ஆதாரத்தைத் தேடிப் பார்ப்பது தீர்ப்புச் சொல்பவரின் கடமை என்கிறோம். நமக்கும் கடமை உண்டு. வேலைநிறுத்தம், கூலி ஒப்பந்தம், குத்தகைப் போராட்டம் ஆகியவற்றைத் தேதியோடு எழுதி வையுங்கள். பழைய நோட்டீசையும் மினிட் புத்தகத்தையும் கரையானுக்குக் கொடுக்காதீர்கள். ஆராய்ச்சி செய்ய வருவோருக்கு அவற்றைத் திறந்து காட்டுங்கள். அவர்கள் எழுதும் நூல்தான் நாளை ஆதாரமாக நிற்கும். படித்த நம் பிள்ளைகள் அதைக் கொண்டு களஞ்சியத்தில் எழுதட்டும்!