பின் சீட்டில் யார் உட்காருகிறார்கள்?

நண்பர்களுக்கும், என்னிடம் படித்துவிட்டு இப்போது ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு. டீ இடைவேளையில் முடியாவிட்டால் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள். ஆனால் படியுங்கள்.

ஒரு கேள்வி. உங்கள் கம்பெனியில் பவர் பிரஸ் இருக்கிறதல்லவா? அதை ஒரு கையால் ஓட்ட முடியுமா? முடியாது. இரண்டு கையாலும் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருக்கும்போது டைக்கு நடுவில் விரல் இருக்காது, அவ்வளவுதான் தத்துவம். கார்டு திறந்திருந்தால் மெஷின் ஸ்டார்ட்டே ஆகாது. சேஃப்டி ஷூ இல்லாமல் வந்தால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள்தான் எனக்குச் சொல்லித் தந்தீர்கள்.

அதே ஆள் ஷிஃப்ட் முடிந்து கேட்டைத் தாண்டுகிறார். நாலு பேர் சேர்ந்து வைத்திருக்கும் காரிலோ, கம்பெனி பிடித்துக் கொடுத்த வேனிலோ ஏறுகிறார். பின் சீட்டில் சாய்கிறார். பெல்ட்? "பின்னால எதுக்கு சார்?"

இந்த ஊர் 1980-லிருந்து இந்தியாவுக்கே வண்டி செய்து கொடுக்கிறது. அசோக் லேலண்டு லாரியும், டிவிஎஸ் மொபெட்டும் இங்கிருந்துதான் அந்த ஆண்டிலிருந்து கிளம்பின. போல்ட்டை எத்தனை இறுக்கம் இறுக்க வேண்டும் என்று அளந்து பார்க்கும் கைகள் நம்முடையவை. அதே கைகளுக்கு வண்டியில் ஒரு பக்கிளை அழுத்தி மாட்ட நேரமில்லை என்றால் நம்ப முடிகிறதா?

நம் ஊரில் சீட் பெல்ட் எப்படிப் போடுகிறார்கள் என்று கொஞ்ச நாளாகக் கவனித்துப் பார்க்கிறேன். முன் சீட்டில் இருப்பவர் போலீஸ் தலை தெரிந்ததும் இழுத்துப் போடுவார். சிலர் மாட்டுவது கூட இல்லை. தோளில் போட்டுக் கையால் பிடித்துக்கொள்வார்கள். தாண்டியதும் விட்டுவிடுவார்கள். அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் போனால் கொஞ்சம் பயம், ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம் வந்தால் "நம்ம ஊர் வந்தாச்சு". பெல்ட் என்பது போலீஸுக்குக் காட்ட வேண்டிய ரசீது மாதிரி ஆகிவிட்டது.

பின் சீட்டைப் போலீஸ் எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் பின் சீட்டுக்குப் பெல்ட் இல்லை என்றே முடிவு செய்துவிட்டோம். ஆனால் பின் சீட்டில் யார் உட்காருகிறார்கள் என்று யோசித்தீர்களா? அம்மா. மனைவி. வளைகாப்பு முடிந்து அழைத்து வரும் மகள். மடியில் பேரப்பிள்ளை. நாம் யாரைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க நினைக்கிறோமோ அவர்களையெல்லாம்தான் பின்னால் உட்கார வைக்கிறோம். பெல்ட் மட்டும் முன்னால் இருக்கிறவருக்கு.

முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன், கரும்பலகை இல்லாவிட்டாலும் ஒரு கணக்காவது போடாமல் விடமாட்டேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒன்றில் மோதி நின்றால், கார்தான் நிற்கும். உள்ளே இருப்பவர் அதே 60-ல் போய்க்கொண்டிருப்பார், எதிலாவது இடிக்கும்வரை. நியூட்டனின் முதல் விதி. 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஏறத்தாழ நாலாவது மாடியிலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது என்ன வேகம் இருக்குமோ, அதுதான் இந்த 60. நாலாவது மாடியில் கைப்பிடிச் சுவர் இல்லாமல் பிள்ளையை நிற்க வைப்போமா?

இன்னொன்று. "குழந்தையை நான் இறுக்கிப் பிடிச்சுக்கிறேன்" என்பார்கள். 10 கிலோ குழந்தை. கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிட்டது. அந்த நேரம் குழந்தையைப் பிடித்து நிறுத்தத் தேவைப்படும் விசை சுமார் 140 கிலோ எடையைத் தாங்குவதற்குச் சமம். கிட்டத்தட்ட மூன்று சிமெண்ட் மூட்டை. எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. பாசம் குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை. கணக்கு அப்படி.

பெல்ட் போடாமல் பின்னால் இருக்கிற பெரியவர் அப்படியே பறந்து முன் சீட்டின் முதுகில் மோதுவார். பெல்ட் போட்டு ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் முன் சீட்டுக்காரர் அவருடைய எடையில் நசுங்குவார். ஆகவே "என் உயிர், என் இஷ்டம்" என்ற வாதமும் காருக்குள் செல்லாது.

2022 செப்டம்பர் 4 நினைவிருக்கிறதா? டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி அகமதாபாத்திலிருந்து மும்பைக்கு வரும்போது, பால்கர் பக்கத்தில் பாலத்துச் சுவரில் கார் மோதியது. விலை உயர்ந்த கார், ஏர்பேக் உள்ள கார். பின் சீட்டில் இருந்த இருவரும் பெல்ட் போடவில்லை. இருவரும் இறந்தார்கள். முன்னால் இருந்த இருவரும் படுகாயத்தோடு பிழைத்தார்கள். அந்த ஒரு வாரம் நாடே பின் சீட்டு பெல்ட்டைப் பற்றிப் பேசியது. அப்புறம் மறந்தது.

அதே 2022-க்கான மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கையைப் பாருங்கள். சீட் பெல்ட் அணியாமல் விபத்தில் இறந்தவர்கள் 16,715 பேர். அதில் ஓட்டியவர்கள் 8,384, உடன் பயணித்தவர்கள் 8,331. கிட்டத்தட்டச் சரிபாதி, ஸ்டீயரிங்கைத் தொடாதவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் தமிழ்நாடு.

சட்டம் இல்லையா? இருக்கிறது. முன்பக்கம் பார்த்த பின் இருக்கையில் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. 2019-ல் திருத்திய சட்டப்படி அபராதம் 1,000 ரூபாய். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் அதற்கும் 1,000. மத்திய சட்டம்தான், அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்றுதான்.

சட்டத்தை ஏமாற்ற நாம் எவ்வளவு உழைக்கிறோம் என்பதுதான் வேதனை. பெல்ட் போடாவிட்டால் 'பீப் பீப்' என்று கத்துகிறதே, அதை அடக்குவதற்கென்றே பக்கிளில் செருக ஒரு சின்னக் கிளிப் விற்றார்கள். 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து ஆன்லைன் நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டு, 13,118 விற்பனைப் பக்கங்களை நீக்க வைத்தது. உயிரைக் காக்கும் சத்தத்தை நிறுத்தக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம்!

போன மாதம் தருமபுரி பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வாடகைக் காரில் போனோம். பின் சீட்டில் பெல்ட்டை இழுத்தேன், வந்தது. மாட்டுவதற்குப் பக்கிளைக் காணோம். புதுசாக சீட் கவர் தைத்துப் போட்டபோது பக்கிளை உள்ளே தள்ளி மூடிவிட்டார்கள். டிரைவர் தம்பி நல்ல பையன், சிரித்துக்கொண்டே, "ரெண்டு வருஷத்துல நீங்கதான் சார் முதல்ல கேக்குறீங்க" என்றான். கவரைத் தூக்கிக் கையை விட்டு வெளியே எடுக்க இரண்டே நிமிடம் ஆனது. உங்கள் காரிலும் இன்றைக்கே போய்ப் பாருங்கள். பாதிக் கார்களில் இதுதான் கதையாக இருக்கும் என்று சந்தேகிக்கிறேன்.

"அப்போ பிரஸ் மாதிரியே, எல்லாரும் பெல்ட் போட்டால்தான் கார் ஸ்டார்ட் ஆகும்னு வச்சிடலாமே சார்?" என்று ஒரு முன்னாள் மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. அமெரிக்காவில் செய்து பார்த்துவிட்டார்கள். 1974 மாடல் கார்களில் முன் சீட்டுக்காரர்கள் பெல்ட் மாட்டாவிட்டால் ஸ்டார்ட் ஆகாது. மக்கள் கொதித்துவிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அந்த நாட்டு நாடாளுமன்றமே சட்டம் போட்டு அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆனால் இன்று நம் ஊர்ப் புதுக் கார்களில் பலவும் கிளட்சை மிதிக்காமல் ஸ்டார்ட் ஆவதில்லை. ஆட்டோமேடிக் கார் பிரேக்கை மிதிக்காமல் ஸ்டார்ட் ஆவதில்லை. அதற்கு யாரும் கோபப்படவில்லை, பழகிவிட்டோம். பெல்ட்டுக்கும் அப்படி ஒரு பூட்டை நாமே பழக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். சாவியைத் திருகுவதற்கு முன் ஓட்டுகிறவர் ஒரே ஒரு வார்த்தை கேட்க வேண்டும்: "எல்லாரும் போட்டாச்சா?" பதில் வராமல் வண்டி கிளம்பக் கூடாது. அவ்வளவுதான்.

கர்ப்பிணிகள் பெல்ட் போடக் கூடாது என்று ஒரு பேச்சு உண்டு. தவறு. கீழ்ப்பட்டை வயிற்றுக்கு மேல் வரக் கூடாது, வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பில் படிய வேண்டும். மேல்பட்டை மார்புக்கு நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். தாயைக் காப்பதுதான் பிள்ளையைக் காக்கும் வழி. குழந்தை இருக்கை விலை அதிகம் என்பவர்களுக்கு ஒன்று: காதுகுத்துக்கு வைக்கும் ஃபிளெக்ஸ் பேனர் செலவையும் கொஞ்சம் எழுதிப் பாருங்கள்.

தொழிற்சாலையில் இன்னொரு விதி உண்டு. மெஷின் ரிப்பேர் என்றால் மெயினை அணைத்துப் பூட்டு, போர்டு மாட்டு, ஆட்களை விலக்கு. இதையும் ரோட்டில் மறந்துவிடுகிறோம்.

ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கிருஷ்ணகிரி சுமார் 500. சூளகிரி தாண்டி மேலுமலையில் இறங்கும்போது சிலர் நியூட்ரலில் விடுகிறார்கள். தொப்பூர் கணவாயிலும் இதேதான். டீசல் மிச்சமாம். இன்றைய இன்ஜின்களில் கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே எரிபொருள் ஓட்டம் தானாக நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமல் ஓடுவதற்கு எண்ணெய் குடிக்கும். மிச்சமும் இல்லை, இன்ஜின் பிடிமானமும் இல்லை, பாரம் முழுக்க பிரேக் மேல். இன்ஜினையே அணைத்துவிட்டால் பிரேக் கல்லாகும், ஸ்டீயரிங் கனக்கும்.

கயிறு கட்டி இழுக்கும் காருக்கும் இதே நிலைமைதான். இன்ஜின் ஓடாததால் பிரேக் ஓரிரு மிதிக்கு மேல் உதவாது. சாவியை ஆன் நிலையில் வைக்காவிட்டால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளலாம். அந்தக் காரின் பின் சீட்டில் குடும்பமே உட்கார்ந்து வருவதை நெடுஞ்சாலையில் எத்தனை முறை பார்க்கிறோம்! விதி என்ன சொல்கிறது? இழுபடும் வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் ஸ்டீயரிங் பிடிக்க வேண்டும். இரண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டருக்கு மேல் கூடாது. கயிறு பிறர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இழுபடும் வண்டியின் பின்னால் அறிவிப்பு எழுதி மாட்ட வேண்டும். வேகம் 25 கிலோமீட்டருக்குள். அந்த வேகத்தில் நாலுவழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே ஊர்வதற்குப் பதில், 1033-க்குப் போன் செய்து கிரேனுக்குக் காத்திருப்பதே புத்திசாலித்தனம். ஆட்டோமேடிக் காரும் எலக்ட்ரிக் காரும் கயிற்றில் இழுக்கவே கூடாதவை. காத்திருக்கும் நேரத்தில் காருக்குள் யாரும் இருக்கக் கூடாது. நாலு இண்டிகேட்டரும் எரியட்டும், முக்கோணம் நன்றாகப் பின்னால் இருக்கட்டும், மனிதர்கள் இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கட்டும்.

கடைசியாகக் கம்பெனிகளுக்கு ஒரு வார்த்தை. உள்ளே ஒரு விரல் நசுங்கினால் விசாரணை வைக்கிறீர்கள், பாராட்டுகிறேன். உங்கள் ஆட்களை ஏற்றிவரும் வேனையும் காரையும் ஷாப் ஃப்ளோரின் பகுதியாக நினையுங்கள். எல்லா சீட்டிலும் வேலை செய்யும் பெல்ட், சீட் கணக்குக்கு மேல் ஆள் ஏற்றாமை, கிளம்பும் முன் ஒரு பார்வை. இந்த மூன்றையும் வண்டி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டே வரும் பெண் பிள்ளைகளுக்குப் பெல்ட் இன்னும் அவசியம். தூங்குபவர் இடி வருவதைப் பார்த்துக் கம்பியைப் பிடிக்கக்கூட மாட்டார்.

என் மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் காரின் பின் சீட்டைத் தூக்கி மூன்று பக்கிளும் வெளியே இருக்கிறதா பாருங்கள். அம்மாவை உட்கார வைத்து, நீங்களே மாட்டிக் காட்டுங்கள். எத்தனை பேர் காரில் பக்கிள் உள்ளே புதைந்திருந்தது என்று கமெண்ட்டில் சொல்லுங்கள். மார்க் கிடையாது, ஆனால் நான் எல்லாவற்றையும் படிப்பேன்.